புழுவைத் தொடாமலே ராணி: செல் பஞ்ச் முறையில நான் கத்துக்கிட்டது

தேனீ வளர்ப்புல புது ராணிய உருவாக்க, புழுவ அள்ளி இன்னொரு கிண்ணத்துல மாத்தி வைக்கிற கிராஃப்டிங் ஊசிய நான் கீழ வெச்சதுக்குக் காரணம் கண்ணு தான். நாப்பத்தஞ்சு வயசு தாண்டினதுமே கிட்டத்துப் பார்வை மங்க ஆரம்பிச்சுடுச்சு, கூடவே வலது கையில லேசா ஒரு நடுக்கம். ஒரு நாள் வயசுப் புழுன்னா முட்டைய விட ஒரு பொட்டு தான் பெருசா இருக்கும், அதை ஊசி முனையில அள்ளி, புரட்டிடாம, அது எந்தப் பக்கம் மேல பார்த்து மிதந்துச்சோ அதே பக்கம் மேல இருக்குற மாதிரி இன்னொரு கிண்ணத்துல இறக்கணும். புழுவோட தீனியான ராயல் ஜெல்லிக்குள்ள குப்புற விழுந்தா மூச்சு விட வழியில்லாம செத்துப் போயிடும். ரெண்டு சீசன் முயற்சி பண்ணேன், இருபது வெச்சா மூணு நாலு நிக்கும், அதுவும் நல்லா வளர்ந்த ராணியா இருக்காது. என் பெட்டிகள்ல ஒரு ராணி அவ்வளவு அருமையா முட்ட வெச்சுக்கிட்டு இருந்தா, சாந்தமான கூட்டம், புகைகூட பெருசா தேவைப்படாது, அவளோட வம்சத்த எடுக்காம விட்டுடுவோமோன்னு ராத்திரி தூக்கம் வராது. அந்தத் தவிப்புல தான் செல் பஞ்ச் பக்கம் வந்தேன்.

விஷயம் ரொம்ப எளிமையானது. புழுவ எடுக்காத, புழு படுத்திருக்குற செல்லையே, அதாவது அந்த மெழுகு அறையையே, அப்படியே அடையிலேர்ந்து உருவி எடு. ஒரு சின்ன உலோகக் குழாய், முனை கூர்மையா இருக்கும், அதை அந்த ஒரு செல்லச் சுத்தி வெச்சு அழுத்தித் திருகினா அடையோட நடுச்சுவரையும் சேர்த்து ஒரு குச்சித் துண்டு மாதிரி வெளிய வந்துடும். உள்ள புழு அதோட சொந்த ஜெல்லிப் படுக்கையில அசையாம கிடக்கும். அந்தத் துண்ட ஒரு மரச்சட்டத்துல வாய் கீழ பார்த்து தொங்குற மாதிரி மெழுகு வெச்சு ஒட்டி, ராணி இல்லாத பெட்டிக்குள்ள இறக்கிட்டா தேனீங்க அதை ராணி செல்லா மாத்த ஆரம்பிச்சுடும். வேலைக்காரத் தேனீயாப் போக வேண்டிய புழுவ ராணியா வளர்க்க முடியும்னு 1760கள்லயே ஜெர்மன் பாதிரியார் ஷிராக் காட்டிட்டாரு, அதுக்கப்புறம் வந்த எல்லா முறையும் அந்தப் புழுவ தேனீங்க கிட்ட எப்படி ஒப்படைக்கறதுங்கற கேள்விக்கு ஆளாளுக்கு சொன்ன பதில் தான். 1883ல அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் ஹென்றி ஆலி அடைய நீள நீளமா கீத்து வெட்டி, ஒன்னு விட்டு ஒன்னு அழிச்சு தொங்க விட்டாரு. 1889ல இன்னொரு அமெரிக்கர் டூலிட்டில் மெழுகுக் கிண்ணத்துல புழுவ மாத்தி வைக்கிற முறைய பிரபலப்படுத்தினாரு, இன்னைக்கு பெரிய அளவுல பண்றவங்க பெரும்பாலும் அந்த வழி தான். பஞ்ச் முறை ஆலி பண்ணதுக்குத் தான் சொந்தக்காரன்னு எனக்குத் தோணும், வெட்டற அளவு மட்டும் ஒரே செல்லா சுருங்கிப் போச்சு.

குழாய் பத்தி முதல்ல சொல்லிடறேன். நான் பண்றது ஐரோப்பியத் தேனீ, அதாவது நம்ம ஆளுங்க இத்தாலியத் தேனீன்னு சொல்றது. அதோட வேலைக்கார செல் சுவருக்குச் சுவர் 5.3 மில்லிமீட்டர் பக்கம் வரும். குழாயோட உள்வட்டம் 8 மில்லிமீட்டர் இருந்தா செல்லோட ஆறு சுவரும் சேதமாகாம உள்ள உட்காருது. அடுக்குத் தேனீக்கு செல் சின்னது, 5 மில்லிமீட்டருக்கும் கீழ தான், அதுக்கு குழாயும் அதுக்கேத்த மாதிரி சிறுசாகணும், இல்லன்னா பக்கத்து செல்லெல்லாம் சேர்ந்து வந்து துண்டு உதிர்ந்துடும். குழாய் தகடு மெலிசா இருக்கணும், கூர் பண்ணும்போது வெளிப்பக்கமா மட்டும் சாய்ச்சுத் தீட்டணும், உள்பக்கம் தீட்டினா வெட்டற மெழுக உள்ள நெருக்கி செல்ல நசுக்கிடும், என்னோட முதல் குழாய் அப்படித் தான் வீணாச்சு. அப்புறம் உள்ள தள்ளுற குச்சி. இது குழாய்க்குள்ள தாராளமா ஆனா இடைவெளி அதிகமில்லாம போற அளவு தடிமனா, முனை தட்டையா இருக்கணும். மெலிசான குச்சின்னா செல்லுக்குள்ளயே இறங்கி புழுவக் குத்திடும். தட்டையா தடிமனா இருந்தா செல்லோட விளிம்பு மேல தான் உட்காரும், புழு கீழ பத்திரமா இருக்கும்.

எந்த அடை எடுக்கறோம்ங்கறது குழாய விட முக்கியம். புத்தம் புது வெள்ளை அடை பார்க்க அழகா இருக்கும், ஆனா குழாய அழுத்தினா நொறுங்கி விழும், வெயில் நாள்ல வெண்ணெய் மாதிரி குழைஞ்சுடும். பல வருஷம் ஓடின கருப்பு அடைன்னா உள்ள கூட்டுப்புழுத் தோல் படிஞ்சு படிஞ்சு தோல் மாதிரி கெட்டியாயிருக்கும், அழுத்துற அழுத்தத்துல கை எகிறி புழு சிதறும். ஒன்னு ரெண்டு தடவ புழு வளர்ந்து வெளிய போன, லேசா பழுப்பேறின அடை தான் சரி, அந்த மெல்லிசு தோலே செல்லுக்கு ஒரு எலும்பு மாதிரி நிக்குது. சட்டத்துல கம்பி இருக்கக் கூடாது, இருந்தா கம்பி ஓடுற வரிசைய விட்டுட்டுத் தான் வெட்ட முடியும். பிளாஸ்டிக் அடித்தாள் போட்ட சட்டத்துக்கு இந்த முறை ஆகவே ஆகாது, நடுச்சுவரே பிளாஸ்டிக், குழாய் எங்க போகும்.

அடுத்தது தேதி. இதுல நான் ரொம்பக் கறார். ராணி முட்டையிட்ட நாள்லேர்ந்து 3 நாள் முட்டை, அப்புறம் அஞ்சரை நாள் பக்கம் புழு, எட்டாம் நாள் வாக்குல தேனீங்க செல் வாய மெழுகால மூடும், 16ஆம் நாள் ராணி வெளிய வருவா. வேலைக்காரத் தேனீக்கு 21, ஆணுக்கு 24. புழு பொறிஞ்சு ஒரு நாளைக்குள்ள ராணி செல்லா மாறிடுச்சுன்னா அதோட சூலகம் முழுசா வளரும், ரெண்டு நாள் ரெண்டரை நாள் ஆன புழுவக் கூட தேனீங்க ராணியாக்கும், ஆனா அது அரைகுறை ராணி, உடம்பும் சிறுசு, முட்டைக் குழாய்களும் கம்மி. தேனீங்க ஏத்துக்கிட்டாங்கங்கறதாலயே அது நல்ல புழுன்னு அர்த்தம் இல்ல. அதனால கண்ணால பார்த்து வயசு கணிக்கறத விட்டுட்டு ராணிய அடைச்சு வெச்சு வயசத் தெரிஞ்சுக்கற வழிக்கு வந்துட்டேன்.

என்னோட கணக்கு இப்படி. திங்கக்கிழம காலையில நல்ல ராணிய ஒரு காலி அடையோட, ராணித் தடுப்புத் தகட்டால பண்ண ஒரு கூண்டுக்குள்ள விட்டு, அவளோட பெட்டியிலயே புழுச் சட்டங்களுக்கு நடுவுல வெச்சுடுவேன். வேலைக்காரங்க உள்ள போய் வருவாங்க, அவ மட்டும் வெளிய வர முடியாது. அந்த அடைய ஒரு நாள் முன்னாடியே பெட்டியில போட்டு வெச்சா தேனீங்க செல்ல எல்லாம் துடைச்சு மெருகேத்தி வெச்சிருப்பாங்க, அவ உடனே முட்டையிட ஆரம்பிப்பா, இல்லன்னா அரை நாள் வீண். செவ்வாக்கிழம காலையில அவள எடுத்து வெளிய விட்டுட்டு அடைய மட்டும் கூண்டுக்குள்ளயே வெச்சிருவேன், மறுபடி அதுல அவ முட்ட வெக்கக் கூடாதுல்ல. வெள்ளிக்கிழம மதியம் எடுத்தா எல்லாப் புழுவும் பொறிஞ்சு ஒரு நாள் சுத்துக்குள்ள இருக்கும். அடையத் தூக்கி சாய்ச்சு, தோளுக்குப் பின்னாலேர்ந்து டார்ச் அடிச்சா செல்லோட அடியில பால் சொட்டு மாதிரி மின்னும், அதுல ஒரு நூல் வளைஞ்ச மாதிரி புழு. புழுவ விட பால் குளம் பெருசா இருக்குற செல்லத் தான் தேர்ந்தெடுக்கணும், அதுக்கு செவிலித் தேனீங்க நல்லா தீனி குடுத்திருக்காங்கன்னு அர்த்தம். எனக்கு இது சரியாத் தெரியாது, மகள் தான் பார்த்துச் சொல்லுவா. "அப்பா, இது வேண்டாம், முட்டை இன்னும் பொறியல. அதுக்கு ரெண்டு தள்ளி இருக்கறது குத்துங்க"ன்னு அவ சொல்லச் சொல்ல நான் குழாய வைப்பேன். கண்ணு அவளுது, கை என்னுது. கிராஃப்டிங்ல இப்படிப் பங்கு போட்டுக்க முடியாது, பாக்கறதும் அள்றதும் ஒரே ஆள் தான் பண்ணியாகணும்.

இனி பஞ்ச் பண்ற நேரம். மேஜை மேல வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துண்ட மடிச்சு விரிச்சு அதுமேல அடையப் படுக்க வைப்பேன், வேலை நடக்காத பக்கத்த இன்னொரு ஈரத்துணியால மூடிடுவேன். வெயில் நேரா படக் கூடாது, ஃபேன் ஓடக் கூடாது, இந்த வயசுப் புழுவுக்கு குளிர விட காஞ்சு போறது தான் எமன். செல்லோட ஆழம் 11, 12 மில்லிமீட்டர் இருக்கும், அது அவ்வளவு நீளமா தொங்கினா தேனீங்க ராணி செல்லா பாவிக்கத் தயங்குறத கவனிச்சிருக்கேன், அதனால வெந்நீர்ல முக்கித் துடைச்ச மெலிசான கத்தியால தேர்ந்தெடுத்த பகுதியில செல் சுவர பாதி உயரத்துக்கு சீவிடுவேன், ஒரு 6 மில்லிமீட்டர் மிஞ்சுற மாதிரி. இழுத்து அறுக்கணும், அழுத்தக் கூடாது. அப்புறம் குழாய தண்ணியில நனைச்சு (மெழுகு ஒட்டாம இருக்க), செல் நடுவுல வர்ற மாதிரி நேரா நிறுத்தி, இடமும் வலமுமா திருகிக்கிட்டே இறக்கணும். பாதி தூரத்துல ஒரு தடை தெரியும், அது தான் நடுச்சுவர், அதைத் தாண்டினதும் கை சட்டுன்னு லேசாகும், இன்னும் கொஞ்சம் இறக்கி அந்தப் பக்கத்து செல் சுவரும் கொஞ்சம் துண்டோட வர்ற மாதிரி எடுக்கணும். அந்தப் பின்பக்கச் சுவர் தான் ஒட்டறதுக்குப் பிடிமானம், அதை வெட்டி எறிஞ்சுடாதீங்க. ஒரு செல் எடுத்தா சுத்தி இருக்குற ஆறும் நசுங்கும், அதனால இடைவெளி விட்டு விட்டுத் தான் எடுக்க முடியும், நெருக்கி எடுக்கப் பார்த்து நல்ல புழுவா பத்து வீணாக்கியிருக்கேன்.

குழாய்க்குள்ள துண்டு இருக்கும்போது செல்லோட வாய் உள்பக்கமாவும் பின்பக்கம் வெளியவும் இருக்கும், இது ஒரு பெரிய சௌகரியம். சட்டத்துல மாட்டுற மரப்பட்டைய, அதாவது பட்டையான கட்டைய, தலைகீழாப் போட்டு, அதுல ஒரு சொட்டு உருகின மெழுக விட்டு, குழாய நேரா அதுமேல வெச்சுக் குச்சியத் தள்ளினா பின்பக்கம் மெழுகுல பதிஞ்சு அப்படியே நின்னுடும், கையால தொட வேண்டிய வேலையே இல்ல. அப்புறம் சுத்தி இன்னும் ரெண்டு சொட்டு மெழுகு விட்டு உறுதி பண்ணிட்டு, நுனி மழுங்கின ஒரு வழவழப்பான மரக்குச்சியால செல் வாய லேசா சுழட்டி விரிச்சு விடணும். அறுகோண வாய் வட்டமா ஆகணும், அவ்வளவு தான். கடைசியா பட்டையத் திருப்பி வாய் கீழ பார்க்குற மாதிரி சட்டத்துல மாட்டணும். புழு விழுந்துடுமேன்னு முதல் தடவ பயந்தேன், விழாது, ஜெல்லி பிடிச்சு வெச்சுக்கும்.

அந்த மெழுகு விஷயத்துல தான் என் முதல் தொகுதி போச்சு. 16 துண்டு ஒட்டினேன், மறுநாள் பார்த்தா ரெண்டு தான் ஏத்துக்கிட்டிருந்தாங்க. நாலு துண்டு கீழ தட்டுல விழுந்து கிடந்துச்சு, மிச்சம் எல்லாம் காலி. தேனீங்கள குறை சொல்லத் தோணுச்சு, ஆனா விழுந்த துண்டையெல்லாம் பொறுக்கி வரிசைப்படி வெச்சுப் பார்த்ததும் புரிஞ்சுது, முதல்ல ஒட்டினதுல எல்லாம் மெழுகு பின்பக்கமா ஊடுருவி செல்லோட அடி உருகிப் போயிருந்துச்சு, கடைசியா ஒட்டினதுல மெழுகு ஆறிப் போய் பிடிக்கவே இல்ல. தேன்மெழுகு உருகறது 62லேர்ந்து 64 டிகிரி, அடுப்புலேர்ந்து எடுத்ததும் அதை விட ரொம்பச் சூடா இருக்கும், புழு வாழறது 34, 35 டிகிரியில. இப்ப மெழுகுக் கிண்ணத்த வெந்நீர் பாத்திரத்துக்குள்ள வெச்சிருக்கேன், மரத்துல விட்ட சொட்டோட பளபளப்பு மங்கி ஓரம் வெளுக்க ஆரம்பிக்கற நொடி வரைக்கும் காத்திருந்து ஒட்டுறேன். அந்த நொடி கைக்குப் பழக நாப்பது அம்பது துண்டு ஆகும், காலி அடையில பயிற்சி எடுத்துட்டு வாங்க, புழு இருக்குற அடையில கத்துக்காதீங்க. மொத்த வேலையும் அரை மணி நேரத்துக்குள்ள முடியணும்.

இவ்வளவு நேரம் குழாயும் மெழுகும் பேசினேன், ஆனா ராணிய வளர்க்கறது நாம இல்ல, செவிலித் தேனீங்க. இத நான் புரிஞ்சுக்கவே ரெண்டு தொகுதி ஆச்சு. ஸ்டார்ட்டர் பெட்டி, அதாவது துண்டுகள முதல்ல இறக்குற ராணி இல்லாத பெட்டி, பலவீனமா இருந்தா எவ்வளவு அழகா பஞ்ச் பண்ணாலும் ஒல்லி ராணி தான். நான் வெள்ளிக்கிழம காலையிலயே ஸ்டார்ட்டர் தயார் பண்ணிடுவேன். அஞ்சு சட்டம் கொள்ற பெட்டி, அதுல தேன் சட்டம் ஒன்னு, புது மகரந்தம் நிறைய இருக்குற சட்டம் ஒன்னு, மூடின புழு இருக்குற சட்டம் ஒன்னு, நடுவுல நம்ம பட்டைச் சட்டத்துக்கு ஒரு இடைவெளி. மூடாத புழு ஒன்னு கூட இருக்கக் கூடாது, ஊட்ட வேற புழு இல்லன்னா தான் செவிலிங்க தேக்கி வெச்சிருக்குற ஜெல்லி எல்லாம் நம்ம துண்டுக்கு வரும். அப்புறம் ரெண்டு மூணு பலமான பெட்டியிலேர்ந்து, மூடாத புழு இருக்குற சட்டங்கள்ல உட்கார்ந்திருக்குற தேனீங்கள இதுக்குள்ள உதறி விடணும். அந்தச் சட்டத்துல இருக்கறது தான் செவிலி. வெளிவேலைக்குப் போற கிழட்டுத் தேனீங்க திரும்பத் தன் பெட்டிக்குப் போயிடும், போகட்டும். உதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சட்டத்துலயும் ராணி இல்லன்னு ரெண்டு தடவ பாருங்க. பெட்டி பிதுங்கி வழியற அளவுக்கு தேனீ இருக்கணும், மூடியத் திறந்தா நுரை பொங்கற மாதிரி எழும்பணும். ஒன்னுக்கு ஒன்னு சர்க்கரைத் தண்ணிய ரெண்டு நாள் முன்னாடியிலேர்ந்தே அந்தப் பெட்டிகளுக்கு குடுத்து வந்தா ஜெல்லி சுரப்புல வித்தியாசம் கண்கூடா தெரியும். ராணி இல்லாம ஆகி ஒரு சில மணி நேரத்துல பெட்டியோட சத்தமே மாறிடும், ஒரு நீளமான முனகல், அது கேட்டா அவங்க ராணிக்கு ஏங்குறாங்கன்னு அர்த்தம், அப்ப துண்டு வெச்சா விடமாட்டாங்க.

ரெண்டாவது தொகுதி போன கதைய சொல்லியே ஆகணும், ஏன்னா அதுல என் தப்பு ஒரே ஒரு நிமிஷத் தப்பு. 18 வெச்சேன், 14 ஏத்துக்கிட்டாங்க, அஞ்சாம் நாள் எல்லாம் மூடி நிலக்கடலை மாதிரி தொங்குச்சு, எனக்குக் கால் தரையில பாவல. பஞ்ச் பண்ணி பத்தாம் நாள் சின்னப் பெட்டிங்களுக்கு மாத்தலாம்னு திறந்தா பதினாலுலயும் பக்கவாட்டுல ஓட்டை. ராணி தானா வெளிய வந்தா செல் நுனியில வட்டமா மூடி கழண்டு தொங்கும், பக்கவாட்டுல ஓட்டைன்னா இன்னொரு ராணி வந்து கொன்னுட்டான்னு அர்த்தம். நான் வெச்ச மூடின புழுச் சட்டத்தோட கீழ் மூலையில, மூடாத புழு நாலஞ்சு இருந்திருக்கு, தேனீ மொய்ச்சிருந்ததால நான் பார்க்கல. அதுல ஒன்ன அவங்க ராணியாக்கிட்டாங்க, அது என் புழுவ விட மூத்தது, முன்னாடியே வெளிய வந்து வரிசையா எல்லாத்தையும் முடிச்சுடுச்சு. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பெட்டி பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். இப்ப ஸ்டார்ட்டருக்குள்ள போற எந்தச் சட்டமும் தேனீய முழுசா உதறாம போகாது, வெறும் அடைய வெளிச்சத்துல பார்த்துட்டுத் தான் வைப்பேன், அஞ்சாம் நாள் இன்னொரு தடவ உதறி திருட்டு செல் இருக்கான்னு பார்த்து அழிச்சுடுவேன். ஒன்னு, ராணி செல் தொங்குற சட்டத்த மட்டும் எக்காரணம் கொண்டும் உதறக் கூடாது, பிரஷ்ஷால மெதுவா ஒதுக்கணும். மூடின செல்லுக்குள்ள கூட்டுப்புழு மெத்து மெத்துன்னு இருக்குற நாள்ல ஒரு அதிர்ச்சி போதும், சிறகு கோணின ராணி தான் வரும்.

ஏத்துக்கிட்டாங்களான்னு மறுநாளே தெரிஞ்சுடும், செல் விளிம்புல புது வெள்ளை மெழுகு வளையம் கட்டியிருப்பாங்க, உள்ள ஜெல்லி கூடியிருக்கும். அதுக்கப்புறம் நான் ராணி இருக்குற பலமான பெட்டியோட மேல் அறைக்கு மாத்திடுறேன், நடுவுல ராணித் தடுப்பு, ரெண்டு பக்கமும் மூடாத புழுச் சட்டம், அப்ப தான் செவிலிங்க மேல ஏறி வருவாங்க. மாத்தாம ஸ்டார்ட்டர்லயே விட்டு முடிக்கறவங்களும் இருக்காங்க, தேனீ கூட்டம் போதுமான அளவு இருந்தா அதுவும் நடக்கும்.

பஞ்ச் பண்ணி பத்தாம் நாள், அதாவது என் கணக்குல திங்கக்கிழம, செல்ல மாத்தற நாள். புதன்கிழம வாக்குல ராணி வெளிய வருவா, செவ்வாய் ராத்திரியே வந்துட்ட ராணியும் உண்டு, அதனால திங்கள தாண்ட விடறதே இல்ல. செல் நுனியில தேனீங்க மெழுகச் சுரண்டி எடுத்து பழுப்பு நாரு தெரிஞ்சா நேரம் நெருங்கிடுச்சு. பஞ்ச் முறையில இங்க ஒரு வசதி, துண்டோட மேல்பக்கம் மரத்துல ஒட்டியிருக்குற மெழுகு கெட்டியானது, கத்தியால அந்த மெழுகோட சீவி எடுத்து அடுத்த பெட்டியில ரெண்டு அடைக்கு நடுவுல நுனி கீழ பார்க்க பதிச்சுடலாம். ரெண்டு மூணு சட்டம் இருக்குற சின்னப் பெட்டி, முந்தின நாளே ராணி இல்லாம பிரிச்சு வெச்சது. சில கூட்டம் புது செல்ல கிழிச்சுப் போடும், எப்பவும் பக்கத்துலேர்ந்து தான் கிழிக்கும், நுனிய தொடாது, அதனால செல்லோட பக்கங்கள அலுமினியத் தாளால சுத்தி நுனிய மட்டும் திறந்து விடுவேன்.

அதுக்கப்புறம் கை சும்மா இருக்கணும், அது தான் கஷ்டம். கன்னி ராணி வெளிய வந்து அஞ்சு ஆறு நாள் கழிச்சு வெயில் இதமா காத்து கம்மியா இருக்குற மதியத்துல பறப்பா, ஒன்னு ரெண்டு பறத்தல்ல பத்திலேர்ந்து இருபது ஆணோட சேர்ந்து, ஆயுசுக்கும் தேவையான ஏறக்குறைய 50 லட்சம் விந்தணுவ சேமிச்சுக்கிட்டு வருவா. இந்த ரெண்டு வாரம் பெட்டியத் திறந்தா, மிரண்டு போன கன்னி ராணிய தேனீங்களே சுத்தி உருண்டையா நெருக்கிக் கொன்னுடலாம், பறந்து போய் வேற பெட்டிக்குள்ளயும் இறங்கலாம். பெட்டிகள ஒரே வரிசையா ஒரே முகமா அடுக்காதீங்க, வாசல் வேற வேற பக்கம் பார்க்கட்டும், முன்னாடி ஒரு கல்லோ வேற வேற நிறமோ அடையாளத்துக்கு இருக்கட்டும்.

மூணாவது தொகுதிய மழை எடுத்துக்கிச்சு. ஆறு பெட்டியில கன்னி ராணி நல்லா வெளிய வந்தாங்க, அன்னையிலேர்ந்து மூணு வாரம் விடாத மழையும் காத்தும். நாலு பேர் எப்படியோ இடைவெளி பார்த்துப் பறந்துட்டாங்க, ரெண்டு பேர் பறக்கவே இல்ல, கொஞ்ச நாள்ல அந்த ரெண்டு பெட்டியிலயும் வேலைக்கார செல்லுல குண்டு குண்டா புடைச்ச மூடி, எல்லாம் ஆண் புழு. சேராத ராணி வைக்கிற முட்டை ஆணாத் தான் போகும், அந்த வயசுக்கு மேல அவளுக்கு வாய்ப்பும் இல்ல. மழைய நாம ஒன்னும் பண்ண முடியாது, ஆனா ஆண் தேனீ கணக்கு நம்ம கையில இருக்கு. ஆண் 24 நாள்ல வெளிய வந்து, சேர்றதுக்குத் தயாராக இன்னும் 12 நாள் பக்கம் ஆகும், மொத்தம் 36. ராணிக்கு முட்டையிலேர்ந்து பறக்கறது வரைக்கும் 22 நாள் தான். அதனால ஆண் முட்டை ரெண்டு வாரம் முன்னாடியே விழுந்திருக்கணும். நான் வெச்சுக்கிட்ட அளவு: பஞ்ச் பண்ற அன்னைக்குப் பெட்டிங்கள்ல மூடின ஆண் புழு கண்ணுல பட்டாகணும், படலன்னா தொகுதிய தள்ளிப் போடுவேன். ஆண் வர்ற பெட்டி, ராணி வர்ற பெட்டிக்கு சொந்தமா இருக்கக் கூடாது, ரத்த சம்பந்தம் நெருங்கினா புழுவுல ஒரு பங்கு ஒழுங்கா உருவாகாது, தேனீங்களே அதைத் தின்னுடுவாங்க, அடை பார்த்தா அம்மை தழும்பு மாதிரி அங்கங்க காலியா இருக்கும்.

அப்புறம் அந்தக் குத்தி எடுத்த அடை. பாவம், சல்லடை மாதிரி ஆயிடும், ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நல்ல அடை பலி, இந்த முறையோட உண்மையான செலவு அது தான். முதல்ல உருக்கிக்கிட்டு இருந்தேன். ஒரு தடவ சோம்பேறித்தனமா ஒரு பெட்டியில திரும்பப் போட்டப்ப தேனீங்க அந்த ஓட்டையெல்லாம் பெரிய ஆண் செல்லா கட்டி நிரப்பிட்டாங்க. இப்ப வேணும்னே அந்த அடைய, எந்தக் கூட்டத்தோட ஆண் எனக்கு வேணுமோ அந்தப் பெட்டியில போடுறேன், அடுத்த தொகுதிக்கான ஆண்கள் அதுலேர்ந்து வர்றாங்க.

ராணி வெளிய வந்த அப்புறம் காலி செல்ல எறியாம பிளந்து பாருங்க. அடியில காஞ்சும் காயாமலும் ஜெல்லி மிச்சம் இருந்தா அவ வயிறார சாப்பிட்டு வளர்ந்திருக்கான்னு அர்த்தம். சுத்தமா வழிச்ச மாதிரி இருந்தா ஸ்டார்ட்டர்ல எங்கயோ பத்தல. நான் ஒவ்வொரு செல்லயும் பிளந்து நோட்டுல எழுதறேன், எந்தப் பட்டை, எத்தனாவது இடம், நீளம், ஜெல்லி மிச்சம். பட்டையோட ரெண்டு ஓரத்துல இருக்குறது எப்பவும் கொஞ்சம் சிறுசா வர்றத இந்த நோட்டுல தான் கண்டுபிடிச்சேன், சூடும் செவிலியும் நடுவுல தான் கூடுது, அதனால இப்ப ஓரத்துல துண்டு ஒட்டறது இல்ல, ஒரு பட்டைக்கு எட்டோட நிறுத்திக்கிறேன்.

போன தொகுதியில 16 ஒட்டினேன், 13 ஏத்துக்கிட்டாங்க, 11 ராணி வெளிய வந்தாங்க, 9 பேர் முட்ட வெச்சுக்கிட்டு இருக்காங்க. முட்டைய மட்டும் பார்த்துட்டு நல்ல ராணின்னு முடிவு பண்ணிடாம, மூடின புழு ஒரு உள்ளங்கை அளவுக்கு ஓட்டை இல்லாம சமமா வர்ற வரைக்கும் பொறுத்திருந்து தான் முதுகுல நிறப் பொட்டு வெச்சேன், நீலமோ வெள்ளையோ அந்தந்த வருஷத்துக்கு உண்டானது, 5லயும் 0லயும் முடியற வருஷத்துக்கு நீலம், 1, 6க்கு வெள்ளை, 2, 7க்கு மஞ்சள், 3, 8க்கு சிவப்பு, 4, 9க்கு பச்சை. அந்த ஒன்பது பேரோட அம்மா, நான் ராத்திரி தூக்கம் வராம நெனச்சுக்கிட்டிருந்தேனே, அவ இந்த வருஷம் ஓய்ஞ்சுட்டா, முட்டை குறைஞ்சு தேனீங்களே அவளுக்கு மாத்து செல் கட்டிட்டாங்க. அவளோட மகள்கள்ல நாலாவது பெட்டியில இருக்குறவ அதே சாந்தம், மூடியத் திறந்தா தேனீங்க அடையில அசையாம உட்கார்ந்திருக்கு. திங்கக்கிழம காலையில காலி அடையோட கூண்டுக்குள்ள போகப் போறது அவ தான்.